ஃபார்மட் போடுவதற்கு முன் லாக் ஃபைலைப் படியுங்கள்!

"சார், ஃபார்மட் போட்டுடலாம்." கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பீர்கள். மெஷின் ஹேங் ஆகிறதா? ஃபார்மட். பிரிண்ட் வரவில்லையா? ஃபார்மட். இன்டர்நெட் நத்தை வேகத்தில் போகிறதா? அதற்கும் ஃபார்மட்! தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை தரும் வைத்தியரிடம் நாம் போவோமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் போகிறோம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல வருடங்களாக வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கிராஷ் ஆன கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் செய்வது பழுது நீக்குவது அல்ல, பழுதின் தடயத்தை அழிப்பது என்பதுதான் என் கட்சி. இதைச் சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனவே ஒரு நியூஸ் சர்வரின் கதையை வைத்துச் சொல்கிறேன். வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவருக்கு யூனிக்ஸ் நியூஸ் சர்வர் எதற்கு என்று கேட்காதீர்கள். அதில் நடக்கும் ஒவ்வொரு கிராஷுக்கும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தம்பி இருக்கிறான்.

நியூஸ் சர்வர் என்றால் என்ன?

இன்றைய வாசகர்களில் பலர் யூஸ்நெட் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1979ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் போட்ட திட்டம் அது. 1980ல் வேலை செய்யத் தொடங்கியது. ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இன்னொரு யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு போன் செய்யும். தன்னிடம் உள்ள புதுச் செய்திகளைக் கொடுக்கும், அங்கே உள்ளவற்றை வாங்கிக் கொள்ளும், லைனை வைத்துவிடும். வாங்கியதை அடுத்த கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எல்லோரும் எப்போதும் ஆன்லைனில் இருக்க வேண்டியதில்லை. சேமித்து வை, பிறகு அனுப்பு. அவ்வளவுதான் தத்துவம்.

இந்தச் செய்திகளை வாங்கி, அடுக்கி, படிப்பவருக்குக் கொடுத்து, பழையதைக் கழிக்கும் கம்ப்யூட்டர்தான் நியூஸ் சர்வர். 1992ல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐ.என்.என். என்ற புரோகிராம் இதற்காக உலகம் முழுக்கப் பயன்பட்டது. தமிழர்கள் பேசிக்கொள்ள 'சாக் டாட் கல்ச்சர் டாட் தமிழ்' என்ற குழுவும் யூஸ்நெட்டில் இருந்தது. காலம் மாறியது. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் சர்வரை 2010ல் மூடியது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் புது யூஸ்நெட் செய்திகளைக் காட்டுவதை நிறுத்தியது. ஆனாலும் ஐ.என்.என். இன்னும் பராமரிக்கப்படுகிறது. லினக்ஸில் இலவசமாகப் போட்டுக் கொள்ளலாம்.

வில்லியனூரில் ஒரு செய்தி மையம்

இதே 'சேமித்து வை, பிறகு அனுப்பு' தத்துவம் நம் ஊரிலும் ஓடியது. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியுடன், அன்றைய பாண்டிச்சேரியின் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். அங்கேதான் டெலிபோன் லைன் ஒழுங்காக இருந்தது, டயல்-அப் இன்டர்நெட்டும் இருந்தது. ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் மையங்கள் வந்தன. நெல் விலை, உர விலை, அரசுத் திட்டங்கள், டாக்டர் இருக்கும் நேரம், பஸ் நேரம், பரீட்சை ரிசல்ட் என்று கிராமத்துக்கு வேண்டியதெல்லாம் வில்லியனூரில் சேர்ந்து அங்கிருந்து கிளை மையங்களுக்குப் போயின. கடலோர ஊர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பும் போனது. 2001ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதைவிட என்னைக் கவர்ந்தது அதன் அமைப்பு. கேபிளை நம்ப முடியாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். வயர்லெஸ் ரேடியோ. அதிலேயே பேசவும் செய்யலாம், கம்ப்யூட்டர் தகவலும் அனுப்பலாம். கரண்ட் போகும் என்று தெரியும், எனவே மின்சாரத்துடன் சோலார். எல்லோராலும் படிக்க முடியாது, எனவே வீராம்பட்டினத்தில் அலைச் செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. மையத்தை நடத்தியவர்கள் வெளியூர் இன்ஜினீயர்கள் அல்ல. அந்தந்த ஊர்ப் பெண்களும் இளைஞர்களும்தான். எது எது பழுதாகும் என்று முதலிலேயே யோசித்துக் கட்டியிருந்தார்கள். 'பழுதே ஆகாது' என்று சொல்லி விற்பதற்கும், 'பழுதாகும், அப்போது என்ன செய்வது?' என்று கேட்டுக் கட்டுவதற்கும் இடையில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது.

மூன்று விதமான கிராஷ்

கிராஷ் என்ற ஒரே வார்த்தையில் நாம் மூன்று வேறு வேறு விஷயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, மெஷினே விழுவது. திரை கறுப்பாகிவிடும், அல்லது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு, மெஷின் நன்றாக ஓடும், குறிப்பிட்ட புரோகிராம் மட்டும் விழும். மூன்று, மெஷினும் ஓடும், புரோகிராமும் ஓடும், வேலை மட்டும் நடக்காது. டி.வி. தெரியவில்லை என்றால் டி.வி. கெட்டதா, செட்டாப் பாக்ஸ் கெட்டதா, கேபிள் அறுந்ததா என்று பார்க்கிறோம் அல்லவா? அதேதான் இங்கும்.

இந்த மூன்றில் எது என்று கேட்காமல் கையை வைப்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

நாற்பது நாளுக்கு ஒருமுறை சாகும் சர்வர்

பாகூர் கொம்யூனில் ஒரு கிராமம். அங்கே இளைஞர் மன்றம் ஒன்றில் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் ஐ.என்.என்.-னும் போட்டு, ஊர்ச் செய்திகளுக்குச் சில குழுக்கள் வைத்திருந்தார்கள். வேலைவாய்ப்பு, ரேஷன் கடைத் தகவல், விளையாட்டுப் போட்டி இப்படி. கூடவே வெளியிலிருந்து சில பாடக் குழுக்களையும் இழுத்துக் கொண்டிருந்தது. மன்றத்தில் இன்னும் நாலு கம்ப்யூட்டர்கள். பிள்ளைகள் சாயந்திரம் வந்து படிப்பார்கள்.

ஆறு வாரம் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் புதுச் செய்தி எதுவும் வராது, எழுதினாலும் ஏற்காது. "சர்வர் கிராஷ்" என்று ஆளைக் கூப்பிடுவார்கள். டவுனிலிருந்து வந்தவர் ஃபார்மட் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டுப் போவார். ஓடும். ஆறு வாரம் கழித்து மறுபடியும் படுக்கும். இரண்டு முறை இப்படி நடந்தது. இரண்டாவது முறை, அதே மெஷினில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு டைப் செய்து வைத்திருந்த எட்டு மாதக் கணக்கும் சேர்ந்து போனது. தனியே காப்பி எடுத்து வைக்கவில்லை. அந்தப் பெண்கள் பாஸ்புக்கையும் ஞாபகத்தையும் வைத்துக் கொண்டு யார் எவ்வளவு கட்டினார்கள் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகமும் வந்தது. ஃபார்மட்டுக்கு ஆன செலவு என்ன என்று யாராவது கேட்டால், சர்வீஸ் சார்ஜை மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டார்கள். மெஷின் ஓடுகிறது. ஐ.என்.என். புரோகிராமும் ஓடுகிறது. ஆக, மூன்றாவது வகை. லாக் ஃபைலைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. டிஸ்க்கில் இடம் இல்லை, எனவே சர்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அது சொல்கிறது. ஐ.என்.என். சாகவில்லை. இடம் இல்லாதபோது செய்தியை வாங்கிக் கெடுப்பதைவிட வாங்காமல் இருப்பதே மேல் என்று வாயை மூடிக் கொண்டிருந்தது.

ஆனால் டிஸ்க்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி! அப்புறம் எப்படி இடம் இல்லை?

இங்கேதான் பலர் குழம்புவார்கள். யூனிக்ஸ் டிஸ்க்கில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, எத்தனை மெகாபைட் காலி. மற்றொன்று, எத்தனை ஐநோட் காலி. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் வேண்டும். நூலகத்தில் அலமாரி காலியாக இருந்தாலும், பதிவேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டால் புதுப் புத்தகத்தைச் சேர்க்க முடியாது அல்லவா? அந்தப் பதிவேட்டு வரிதான் ஐநோட். நியூஸ் சர்வரின் பழைய முறையில் ஒவ்வொரு செய்தியும் ஒரு தனி ஃபைல். குட்டிக் குட்டிச் செய்திகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், டிஸ்க் நிறைவதற்கு முன்பே ஐநோட் தீர்ந்துவிடும். டி.எஃப். கமாண்டுடன் மைனஸ் ஐ சேர்த்து அடித்தேன். நூறு சதவீதம் தீர்ந்திருந்தது.

சரி, பழைய செய்திகள் ஏன் கழியவில்லை? கழிப்பதற்கு ஒரு தினசரி வேலை உண்டு. நம் வீட்டில் பழைய பேப்பர் போடுவது மாதிரி. அதை கிரான் என்ற கடிகாரம் குறித்த நேரத்தில் ஓட்டும். இந்த மெஷினில் குறித்திருந்த நேரம் அதிகாலை 3 மணி. நாள் முழுக்க ஓடும் பல்கலைக்கழக சர்வருக்கு அது சரி. இளைஞர் மன்றமோ சாயந்திரம் 5 மணிக்குத் திறந்து 9 மணிக்கு மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பூட்டும் இடம்! அதிகாலை 3 மணிக்கு அந்த மெஷின் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. பழைய செய்தி ஒன்றுகூடக் கழிந்ததில்லை.

3 என்ற எண்ணை எடுத்துவிட்டு 18 என்று போட்டேன். மாலை 6 மணி. கையால் ஒருமுறை கழித்தேன். சர்வரை 'கோ' என்று கிளப்பினேன். அவ்வளவுதான். அந்தப் பிரச்னை திரும்ப வரவில்லை. மெஷின் அடிக்கடி ஆஃப் ஆகும் இடங்களுக்கு அனாக்ரான் என்ற புரோகிராமும் இருக்கிறது. தவறிப்போன வேலையை மெஷின் ஆன் ஆனதும் செய்து முடிக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு முறையும் ஃபார்மட் போட்டதும் சர்வர் சரியாகிவிட்டது. ஏன்? டிஸ்க் காலியானதால்! நோயின் அடையாளம் போனது, நோய் அப்படியே இருந்தது. ஃபார்மட் போட்டவர் பொய் சொல்லவில்லை. சரியானது என்றே அவரும் நம்பினார். ஃபார்மட்டின் ஆபத்தே இதுதான். அது பலிப்பது போலத் தெரியும். அதே நாள் கணக்கில் அதே பிரச்னை திரும்ப வந்தால், காரணம் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் விண்டோஸ் மெஷினிலும் இதே கதைதான். டிஸ்க் கிளீனப், பேக்கப் எல்லாம் நள்ளிரவுக்குக் குறித்திருக்கும். நீங்கள் இரவு பத்து மணிக்கே சுவிட்சை ஆஃப் செய்துவிடுவீர்கள். 'பேக்கப் ஓடுகிறது' என்று நம்பிக் கொண்டிருப்பீர்கள்.

டீ, வடைக் காசில் தீரும் கிராஷ்

அடுத்து கடிகாரம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால், மெயின் ஆஃப் ஆனதும் தேதி மறந்துபோகும். மறுநாள் ஆன் செய்தால் மெஷின் பல வருடம் பின்னால் போய் நிற்கும். நியூஸ் சர்வருக்கு இது பெரிய விஷயம். ஒரு நாளுக்கு மேல் எதிர்காலத் தேதி போட்ட செய்தியை ஐ.என்.என். ஏற்காது. இன்றைய செய்தியெல்லாம் அதன் கண்ணுக்கு எதிர்காலச் செய்தி! மறுபக்கம், பத்து நாளுக்கு மேல் பழைய செய்தியையும் வழக்கமான செட்டிங்கில் அது தள்ளிவிடும். கடிகாரம் எந்தப் பக்கம் ஓடினாலும் சர்வர் ஊமைதான். "இன்டர்நெட் சரியில்லை" என்று லைன்மேனைத் திட்டுவோம்.

வீட்டில்? எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் மறுத்தால் முதலில் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். டீயும் வடையும் சாப்பிடும் காசில் பேட்டரி வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, கரண்ட். நம் பக்கத்தில் வயலுக்கு மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், மோட்டாரை நிறுத்தினால் ஏறும். நியூஸ் சர்வர், இதுவரை பார்த்த செய்திகளின் அடையாள எண்களை ஹிஸ்டரி என்ற ஃபைலில் வைத்திருக்கும். ஒரே செய்தியை இரண்டு முறை வாங்காமல் இருக்க இதுதான் ஆதாரம். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இந்த ஃபைலும் அதன் இன்டெக்ஸும் கெட்டுப்போகலாம். பிறகு சர்வர் கிளம்பாது. இதற்கும் ஃபார்மட் தேவையில்லை. செய்திகள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அவற்றைப் படித்து ஹிஸ்டரியைத் திரும்ப எழுதும் புரோகிராம் ஐ.என்.என்.-உடனேயே வருகிறது.

அதில் ஒரு கண்ணி உண்டு. அந்தப் புரோகிராமை ரூட் என்ற தலைமைப் பயனராக ஓட்டினால், புது ஹிஸ்டரி ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். சர்வரோ 'நியூஸ்' என்ற பயனர் பெயரில் ஓடுகிறது. தன் ஃபைலைத் தானே திறக்க முடியாமல் மறுபடி விழும். பழுது நீக்கியதே புதுப் பழுதாகும். லாக் ஃபைல் 'அனுமதி இல்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். ஆனால் யாராவது படிக்க வேண்டுமே!

கரண்ட் கட்டுக்கு நல்ல மருந்து சின்ன யு.பி.எஸ். அதன் பேட்டரி பழசானால் ஐந்து நொடிகூடத் தாங்காது என்பதையும் மறக்காதீர்கள். லினக்ஸில் 2001 முதல் வந்த இ.எக்ஸ்.டி.-3 போன்ற ஜர்னல் வைத்த ஃபைல் சிஸ்டம், திடீர் கட்டுக்குப் பிறகு டிஸ்க்கை வேகமாகச் சீராக்கும். ஆனால் பாதியில் நின்ற உங்கள் கணக்கை அது முடித்துத் தராது.

நான்காவது, ரேம். புரோகிராம் ஒருநாள் இங்கே விழும், ஒருநாள் அங்கே விழும். ஒழுங்கே இருக்காது. லாக்கில் 'சிக்னல் 11' என்று வரும். புரோகிராமின் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும். இடம் மாறி மாறி விழுந்தால் ரேம், சூடு, எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று ரேமின் தங்கப் பல்லில் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, பள்ளிக்கூடத்து ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பல மெஷின்கள் பிழைத்துக் கொள்ளும். பிறகு மெம்டெஸ்ட் புரோகிராமை ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள். ரேம் கெட்டிருக்கும்போது ஃபார்மட் போட்டால், விண்டோஸை ஏற்றும்போதே தப்புத் தப்பாக ஏற்றி வைப்பீர்கள்.

கடைசிக் கண்ணி

செய்தி சர்வரில் இருந்தால் போதாது. அது மனிதனின் காதுக்குப் போக வேண்டும். நல்லவாடு இதற்கு உதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

அன்றைக்குக் காப்பாற்றியது ஒரு போனும், ஓர் ஒலிபெருக்கியும், அதை இயக்கத் தெரிந்த ஊர்க்காரர்களும்தான். இந்த மூன்றில் ஒன்று அன்று பழுதாகி இருந்திருந்தால்? 'ஆள் வரட்டும், ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்' என்று காத்திருக்க அலைக்குத் தெரியுமா?

இப்போது எல்லோர் கையிலும் செல்போன், எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப்பில். உண்மைதான். ஆனால் 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும், அதற்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தால் பாகூர்ப் பக்கம் தவித்ததையும் நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கரண்ட் போனால் சார்ஜ் போகும், டவர் போகும், வாட்ஸ்அப்பும் போகும். மிக வேண்டிய நேரத்தில்தான் எல்லாம் சேர்ந்து விழும். அப்போது நிற்பது, 'பழுதாகும்' என்று எதிர்பார்த்துக் கட்டிய அமைப்பும், பழுதைப் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆளும் மட்டுமே.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

சக டெக்னீஷியன்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். "லாக் ஃபைல் படிக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஃபார்மட் ஒரு மணி நேரத்தில் முடியும். கஸ்டமர் படிப்புக்குக் காசு தருவாரா?" நியாயமான கேள்வி. தொழில் செய்பவரின் வயிற்றையும் பார்க்கத்தான் வேண்டும். அதனால் கஸ்டமருக்கும் ஒரு வார்த்தை. 'என்ன காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னதற்கு' என்று தனியாகக் காசு கொடுக்கப் பழகுங்கள். டாக்டரிடம் மருந்துக்கு மட்டுமா கொடுக்கிறோம்? பார்த்ததற்கும் கொடுக்கிறோமே!

ஃபார்மட் எப்போதுமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வைரஸ் வேரோடு பிடித்த மெஷினுக்கு அதுதான் வழி. அந்த இளைஞர் மன்ற சர்வரையே எடுத்துக் கொள்ளுங்கள். இ.எக்ஸ்.டி. வகை ஃபைல் சிஸ்டத்தில் ஐநோட் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். குட்டி ஃபைல்கள் நிறைய வரும் என்று தெரிந்து, ஐநோட்டை அதிகமாக வைத்து ஃபார்மட் செய்தால் அது வைத்தியம். ஏன் என்று தெரிந்து செய்வது வைத்தியம், தெரியாமல் செய்வது வெறும் துடைப்பம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள். கிராஷ் ஆனால் தேதி, நேரம், அப்போது என்ன செய்து கொண்டிருந்தீர்கள், திரையில் வந்த வாசகம் என்ன, கரண்ட் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மூன்று பக்கம் நிறைவதற்குள் ஓர் ஒழுங்கு தெரியும்.

இரண்டு, எரர் மெசேஜை 'ஓகே' அழுத்தி விரட்டாதீர்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

மூன்று, விண்டோஸிலும் லாக் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, சிஸ்டம் பிரிவில் சிவப்புக் குறிகளைப் பாருங்கள். 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தால் மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது என்று பொருள். முதலில் கரண்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பாருங்கள்.

நான்கு, சர்வீஸ் ஆளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "மூன்றில் எந்த வகை கிராஷ்?" "ஃபார்மட் போட்டால் இது ஏன் திரும்ப வராது?" இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அன்றைக்கு டிஸ்க்கில் கை வைக்க விடாதீர்கள்.

ஐந்து, எது எப்படியானாலும் உங்கள் ஃபைல்களைப் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ காப்பி எடுத்த பிறகே மற்ற பேச்சு. எட்டு மாதக் கணக்கு, பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ, பட்டா நகல் இவையெல்லாம் எந்த விண்டோஸ் சி.டி.யிலும் வராது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கிராமத்து மையங்களுக்கும் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர் கொடுப்பவர்கள், பத்து மெஷின் கொடுப்பதற்குப் பதில் ஒன்பது கொடுங்கள். பத்தாவதின் காசில், அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கோ பெண் ஒருத்திக்கோ லாக் ஃபைல் படிக்கக் கற்றுக் கொடுங்கள். பத்து மெஷினும் ஒரே நாளில் படுத்துக் கிடப்பதைவிட, ஒன்பது மெஷின் ஓடுவது ஊருக்கு நல்லது.